நர்சம்மாவின் கை

அறுபதுகளில், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும்போது தீப்பிடித்து என் வலது கை கருகியது. ஆஸ்பத்திரியில் தினமும் கட்டு மாற்றிய நர்சம்மா முதலில் பெருத்த உடம்புக்காரர். இரண்டே மாதத்தில் அவருடைய வெள்ளைச் சேலை தொளதொளத்தது. இடுக்கியை எடுக்குமுன் மணிக்கட்டைக் கட்டில் கம்பியில் அழுத்திக்கொள்வார். அப்படியும் ஒருநாள் புண்ணில் குத்திவிட்டார்.

“கை ஏன் இப்படி ஆடுது?” என்று கத்தினேன்.

“உடம்பு குறைய மாத்திரை முழுங்குதேன். பசி போச்சு, தூக்கமும் போச்சு.”

“அந்தச் சனியனைத் தூக்கி எறிங்க!”

“எறிஞ்சா மறுபடி ஊதிரும். முட்டி வலியோட வார்டுல நிக்க முடியாது, வேலை போயிரும். கை ஆறுனா நீங்க மட்டும் பட்டாசுப் பக்கம் போகமாட்டீகளாக்கும்?”

கை ஆறியதும் அதே கம்பெனிக்குத்தான் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தவன் மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை. நர்சம்மாவின் நடுக்கம் நின்றதா என்று போய்க் கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.