விலையை மறைச்ச ஸ்டிக்கர்

புது கேசட்டைப் பிரிச்சா ஒரு வாசனை வரும் பாருங்க... பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த வாசனை. 2002-ல பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேசட் கடை வச்சிருந்தேன். எனக்கு அந்த வாசனைன்னா உசுரு. ஆனா அந்த மே மாசம் மட்டும் அந்த வாசனையே பிடிக்காமப் போச்சு.

எங்க கடையில ஒரு வழக்கம். கஸ்டமர் கண்ணு முன்னாடி கவரைப் பிரிச்சு, டேப் டெக்ல போட்டுக் காட்டி, பின்பக்கம் கடை பேர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிக் குடுப்போம். கம்பெனி அடிச்ச விலை கீழ் ஓரத்துல இருக்கும். அதை விட்டு ஒரு விரக்கடை தள்ளித்தான் ஸ்டிக்கர்.

அப்பதான் எம்பி3 சிடி வந்து எல்லாரையும் ஆட்டி வச்சுது. ஒரே சிடில நூறு பாட்டு. பயந்துபோன கேசட் கம்பெனிக்காரங்க திடீர்னு விலையைக் குறைச்சுட்டாங்க. நாப்பத்தஞ்சு ரூபாய்க்கு வித்த புதுப்பட கேசட் இனிமே முப்பதுதான்.

நல்ல விஷயம்தானேன்னு தோணும். ஆனா பழைய விலைக்கு எடுத்தது ஷெல்ஃப் நிறைய கெடக்கு. திருச்சி டீலருக்கு போன் பண்ணினா, "ரிட்டர்ன்லாம் கெடையாதுங்க, நீங்களே பாத்து வித்துக்குங்க"ன்னுட்டார்.

பாத்து வித்தேன். எப்படின்னா... முப்பதுன்னு விலை அடிச்சுப் புதுசா வந்த கேசட்டையெல்லாம் நானே முன்கூட்டிப் பிரிச்சு, ஸ்டிக்கரை ஒரு விரக்கடை எறக்கி, முப்பதை மறைச்சு ஒட்டிட்டேன். கேட்டா, "டெஸ்ட் பண்ணி வச்சாச்சுங்க." விலை அதே நாப்பத்தஞ்சு.

அன்னைக்கோட நிம்மதி போச்சு. வெயில்ல கோந்து எளகி ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கும்... கட்டைவிரலால அமுக்கிக்கிட்டே இருப்பேன். வாங்கிட்டுப் போனவங்க யாராச்சும் திரும்பி வந்தா, தெரிஞ்சுபோச்சோன்னு அவங்க கையைத்தான் முதல்ல பாப்பேன். சின்ன ஊரு. ஒருத்தர் வாயைத் தெறந்தாப் போதும், கடை பேரு நாறிடும்.

ஒரு நாள் பாடாலூர் லாரி டிரைவர் செல்லமுத்து அண்ணன் வந்தார். கடை தெறந்த நாள்லேருந்து வர்றவர். கேசட்டைத் திருப்பிக்கூடப் பாக்காம, கேட்ட காசை எடுத்து வைப்பார். போன வாரம் வாங்குன கேசட் கையில இருந்துச்சு. ஸ்டிக்கர் இல்ல.

"வண்டியில முன்னாடி வச்சிருந்தேன் தம்பி. சூட்டுல ஸ்டிக்கரு கழண்டு விழுந்துட்டு. வேற ஸ்டிக்கரு ஒண்ணு குடுங்க."

குடுத்தேன். அவர் கேசட்டைக் கவுத்துக் கவுண்டர்ல வச்சார். முப்பது பளிச்சுன்னு தெரியுது.

"எப்பவும் போல விலையை விட்டுத் தள்ளி ஒட்டட்டுமா... இல்ல, இருந்த எடத்துலயே ஒட்டட்டுமா?"

சத்தம் போட்டிருந்தாத் தேவலை. கல்லாவிலிருந்து பதினஞ்சு ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, ஸ்டிக்கரைத் தள்ளி ஒட்டிட்டுப் போயிட்டார்.

அன்னைக்கே கடையில இருந்த அத்தனை ஸ்டிக்கரையும் உரிச்சேன். நகமெல்லாம் கோந்து. ஏற்கெனவே வாங்கிட்டுப் போன மத்தவங்களைத் தேடிப்போய்த் திருப்பிக் குடுக்குற தைரியம் மட்டும் வரலை.

அவர் யார்கிட்டயும் சொல்லலை. அடுத்த மாசமும் வந்தார்... கேசட்டைக் கையில எடுத்ததும் முதல் வேலையா திருப்பி விலையைப் பாத்தார். அதுவரைக்கும் வாங்கும்போது அவர் பாத்ததே இல்லை.

இப்ப அதே எடத்துல மொபைல் கடை வச்சிருக்கேன். பாட்டுக்குத் தனியா ஒரு விலை இருந்துச்சுன்னே என் பொண்ணுக்குத் தெரியாது. எல்லாம் போன்லயே வருது. ஆனா சூப்பர் மார்க்கெட் போனா, எதை எடுத்தாலும் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால நெம்பிப் பாக்குறேன்.

"யாரு ஏமாத்துறாங்கன்னு பாக்குறீங்களாப்பா?"ன்னு சிரிக்கிறா.

அவகிட்ட எப்படிச் சொல்றது... என்னை மாதிரி இன்னொருத்தன் அகப்படுறானான்னு தேடுறேன்னு.