சந்திரன் கேட்காத கச்சேரி

பகாவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பிடில் என்றால் சந்திரன்தான். அப்பா யுத்த காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பத்து வயது மூத்த அக்கா பஞ்சாலைதான் ரப்பர் மரங்களில் பால் வெட்டி அவனை ஆளாக்கினாள். அவன் படித்தது நான்கு வகுப்பு. பிடிலை யாரும் சொல்லித்தரவில்லை. பஜனைக் குழுவின் பழைய பிடிலை எடுத்து வைத்துக்கொண்டு, ஆபீஸ் ரேடியோவுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டு அவனே பிடித்துக்கொண்டான்.

"எந்தத் தோட்டத்துலடி இப்படி ஒருத்தன் இருக்கான்?" என்று பஞ்சாலை குழாயடியில் கேட்பாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு சென்னையிலிருந்து பெரிய வயலின் வித்துவான் ஒருவர் சிரம்பானுக்கு வந்தார். இரவு ஊரடங்குக்குப் பயந்து கச்சேரியை ஞாயிறு பகலில் வைத்தார்கள். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த, தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அமிர்தலிங்கம், கச்சேரி முடிந்ததும் வித்துவான் சந்திரனின் வாசிப்பைக் கேட்பார் என்று பேசி முடித்திருந்தார். பிடித்துப்போனால் சென்னைக்கு அழைத்துப்போய்ச் சொல்லித்தருவாராம்.

அன்று காலை தம்பி குளிக்கப் போனபோது பஞ்சாலை பிடிலுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே தூசி. ஒரு பிடி அரிசியைத் துவாரத்தில் போட்டுக் குலுக்கிக் கொட்டினால் தூசியும் சேர்ந்து வந்துவிடும். அவன் அப்படிச் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். போட்டாள், குலுக்கினாள், நான்கு முறை கவிழ்த்து உதறினாள். எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவள் அல்ல அவள்.

காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு மணி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே விடாத காலம் அது. முந்தின வாரம்தான் ஒருவன் சைக்கிள் டியூப்பில் அரிசியோடு பிடிபட்டிருந்தான். இருவரும் கச்சேரிக்குக் கிளம்பியபோது தோட்டத்துக் கேட்டில் நின்ற காவலர் பிடிலைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கலகலத்தது. கவிழ்த்தார். ஒன்பது அரிசி.

"பெராஸ்!" என்று அரிசியைக் காட்டிக் கத்தினார்.

"நாந்தாங்க போட்டேன், தூசிக்காக..." என்று பதறினாள் பஞ்சாலை.

"சும்மா இரு அக்கா." சந்திரன் முன்னால் வந்து நின்றான். "என் பிடிலு. நாந்தான் போட்டேன்."

அவனை லாரியில் ஏற்றினார்கள். அவளும் ஏறப் போனாள்.

"நீ சிரம்பானுக்குப் போ. பெரிய கிராணி அங்கதான் இருக்காரு, அவருகிட்ட சொல்லு. கச்சேரியையும் கேட்டுட்டு வா. நீயும் போகலன்னா எனக்கு யாருக்கா சொல்லுவா?"

மண்டபத்தில் கிராணி தலையில் கைவைத்துக்கொண்டார். "நாளைக்குத் துரைகிட்ட பேசிப் பார்க்கிறேம்மா. இப்ப உட்காரு."

பஞ்சாலைக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனாலும் அழாமல், கண் இமைக்காமல் பார்த்தாள். வில் எங்கே நீண்டது, எங்கே நடுங்கியது, எந்தப் பாட்டில் அவர் கண்ணை மூடினார் என்று ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணி மனதில் இருத்திக்கொண்டாள். மொத்தம் ஏழு பாட்டு.

மாலைகள் போட்டு முடிந்தபின் வித்துவான் எழுந்திருக்கவில்லை. "தோட்டத்துலேருந்து ஒரு பையன் வரான்னு சொன்னீங்களே, எங்க?" என்று கேட்டார். கிராணி காதோடு ஏதோ சொன்னார். வித்துவான் வயலினைத் துணியால் மூடினார்.

மூன்றாம் நாள் பகாவ் போலீஸ் நிலையத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சந்திரன் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல அவன் இடதுகை விரல்கள் கம்பியில் அசைந்தன. நடுவில் சட்டென்று நிறுத்தினான்.

"என்னையக் கேட்டாராக்கா?"

பஞ்சாலை அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லடா. கப்பலுக்கு நேரமாச்சுன்னு அப்படியே காருல ஏறிட்டாரு. யாரையும் பார்க்கல."

"அப்படியா?" சந்திரன் பெரிதாக மூச்சு விட்டான். "அப்ப நான் வந்திருந்தாலும் சும்மாதான் திரும்பியிருப்பேன் லா. ஒண்ணும் கெட்டுப்போகல."

"ஆமாடா. ஒண்ணும் கெட்டுப்போகல."

மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது. அவள் ஐந்தாவது பாட்டைச் சொல்லத் தொடங்கினாள்.