ஃபார்மல் நைட்டும் சேலையூர்க் கல்யாணக் கோட்டும்

1. போன் நிற்கவில்லை

கப்பலில் எனக்கு அது முதல் ஃபார்மல் நைட். கீழ்த்தளத்தில் லாண்ட்ரிக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத ஒரு அறை. அதுதான் டெய்லர் ஷாப். ஒரு மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், ஒரு அயர்ன் டேபிள், சுவரில் ஒரு போன். சாயங்காலம் அந்த போன் அடிக்க ஆரம்பித்தது. டின்னர் தொடங்கும்வரை நிற்கவே இல்லை. ஒரு அம்மாவின் கவுன் ஜிப் பாதி முதுகில் மாட்டிக்கொண்டது. ஒருவருக்குப் போன வருஷம் சரியாக இருந்த பேன்ட் இந்த வருஷம் ஏறவில்லை. இன்னொருவர் கோட்டை ஞாபகமாக எடுத்து வைத்துவிட்டு பேன்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு லாண்ட்ரியில் கிடந்த ஒரு வெயிட்டர் பேன்ட்டைப் பிடித்துக் கொடுத்தேன். அன்றிரவு அவரைப் பார்த்து யாராவது தண்ணீர் கேட்டிருப்பார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஃபார்மல் நைட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கப்பல்களில் தினமும் இரவு என்ன உடுத்த வேண்டும் என்று கேபின் கதவில் ஒரு தாள் வைத்துவிடுவார்கள். சில நாள் சாதாரண உடை. ஒரு நாள் எல்லாரும் வெள்ளை. பயணத்தில் ஒன்றிரண்டு நாள் ஃபார்மல். ஆண்கள் கறுப்போ கருநீலமோ கோட்டு, பெண்கள் நீள கவுன், இல்லையென்றால் பட்டுப்புடவை மாதிரி அவரவர் ஊர் உடை. கோட்டு இல்லாமல் அரை டிரவுசரோடு வந்தால் அன்றைக்கு மெயின் டைனிங் ரூமுக்குள் விட மாட்டார்கள். பட்டினி போட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். மேல்தளத்தில் பஃபே உண்டு, அங்கே எந்த விதியும் கிடையாது.

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவன் நான். கோட்டு வேலை அடுத்தவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஆபீசில் இங்கிலீஷ் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். இடுப்பைச் சுற்றி வரும் அளவுக்கு வரும் என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

2. குண்டூசியும் கேள்வியும்

எனக்கு ஒரே ஒரு விஷயம் புரியவில்லை. இவ்வளவு காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்தவர்கள், சாயங்காலமானால் எதற்காகக் கழுத்தை இறுக்கிக்கொள்கிறார்கள்? கேபினுக்குள் அயர்ன் பாக்ஸ் கொண்டுவரக் கூடாது, தீப்பிடிக்கும் என்று செக்யூரிட்டி பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் கோட்டைத் தொங்கவிட்டு, வேர்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். விடுமுறையில் வந்து இப்படி ஒரு பாடா?

கேட்க ஆரம்பித்தேன். கால் மடிப்பு பிடிக்கும்போது, குண்டூசியை வாயோரம் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தவிர, தரையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஜனங்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள்.

டெல்லிப் பக்கத்து வியாபாரி ஒருவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கோட்டு போட்டால் தொப்பை உள்ளே போகிறது, போன் பைக்குள்ளேயே கிடக்கிறது, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொள்கிறாள். மூன்றும் வீட்டில் நடக்கிற காரியமில்லை என்றார். இங்கிலாந்துக்கார விதவை ஒருவர், வயதானவர், பச்சை கவுன். ஊரில் இதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், இங்கே யாரும் கேட்பதில்லை, எல்லாரும் அங்கேதான் போகிறார்கள் என்றார். இதையெல்லாம் அன்றன்றைக்கே வாட்ஸ்அப்பில் என் மனைவிக்கு அனுப்பிவிடுவேன். அந்த இங்கிலாந்து அம்மா சொன்னதை அவள் எங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

என் பாஸ் லாண்ட்ரி மாஸ்டர். இந்தோனேசியாக்காரர். அவருடைய உடைந்த இங்கிலீஷை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: “கோட்டு போட்டவன் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிப்பான். முதல்ல அதக் கழட்டணும், அப்புறம் எங்க மாட்டறதுன்னு தேடணும். அதுக்குள்ள கோவம் போயிடும்.”

அவர் சொன்னதை நான் முழுசாக நம்பினேன், ஆசீர் சாரைப் பார்க்கிற வரைக்கும்.

3. கழட்டாத கோபம்

சில வருஷம் கழித்து, வேறொரு கப்பல். ஃபார்மல் நைட் சாயங்காலம் கேபின் பையன் போனில் கூப்பிட்டான். கோட்டு ஒன்று கிழிந்திருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்கள் போலிருக்கிறது, வந்தால் நல்லது என்றான். எங்கள் மாதிரி ஆட்கள் பயணிகள் பக்கம் சும்மா நடமாடக் கூடாது. வேலை என்று கூப்பிட்டால் போகலாம். போனேன்.

கதவைத் திறந்த அம்மா மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் தயாராக இருந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு எந்த ஊர் என்றார். தாம்பரம் ஈஸ்ட் என்றேன்.

“அட, நாங்க சேலையூருப்பா. பஸ் ஸ்டாப்புல பாக்க வேண்டிய ஆள நடுக்கடல்ல பாக்கறேன்.”

அவர் எஸ்தர் அம்மா. கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர் ஆசீர் சார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கட்டிலில் இரண்டு கோட்டுகள் கிடந்தன. ஒன்று புத்தம் புதுசு, கறுப்பு, கடை உறைகூடப் பிரிக்கவில்லை. இன்னொன்று பழைய கருநீலம், நாஃப்தலின் உருண்டை வாசனை, முதுகில் நடுத்தையல் பிரிந்திருந்தது. பார்த்தவுடன் தெரிந்தது, கல்யாணக் கோட்டு. நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மாப்பிள்ளைக்குத் தைக்கிற கோட்டு. அதன் பிறகு வருஷம் ஒரு கிறிஸ்துமஸுக்கு வெளியே வரும், மற்ற நாளெல்லாம் பீரோவில் தூங்கும்.

விஷயத்தை எஸ்தர் அம்மாவே சொன்னார். இவர்களுடைய ஒரே மகன் ஜோயல் வெளிநாட்டில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணை, இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து சார் அவனோடு பேசுவதில்லை. சம்பந்தி வீட்டாரை இதுவரை பார்த்ததும் இல்லை. இரண்டு குடும்பமும் ஒன்றாக இருக்கட்டும் என்று மகன்தான் எல்லாருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறான். ஏறின நாளிலிருந்து சார் மேல்தளத்து பஃபேயில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார். இன்றைக்கு ஒரு நாள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று அம்மா கெஞ்சி, அவரும் அரை மனதாகச் சரி என்றார். என் கோட்டைத்தான் போடுவேன் என்றாராம். போட்டார், கையைத் தூக்கினார், முதுகு பிரிந்தது.

“கோட்டு இல்லன்னா உள்ள விட மாட்டாங்களாமே. நல்லதாப் போச்சு, நான் மேலயே சாப்பிட்டுக்கறேன்” என்றார் சார்.

“அந்தப் புதுசப் போட்டா என்னவாம்? அளவு சொல்லாமலே எடுத்திருக்கான், பாருங்க, சரியா இருக்கும்.”

“அது அவன் காசு.”

“கப்பல் மட்டும் யார் காசு? அவன் காசுல கடல்ல மிதக்கலாம், கோட்டுதான் குத்துதா?”

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கு. அதைக் கப்பல் கம்பெனியே அச்சடித்துக் கதவில் வைத்துவிட்டது. இன்றைக்கு இவர் வராவிட்டால் இனிமேல் எப்போதும் வர மாட்டார் என்று அம்மாவின் முகத்திலேயே எழுதியிருந்தது.

நான் பழைய கோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். லைனிங்கைக் கொஞ்சம் பிரித்தேன். நடுத்தையலின் இரண்டு பக்கமும் உள்ளே நல்ல அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தது. எங்கள் தொழிலில் இதை இன்லே என்போம். பின்னால் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள விடுவது. தைத்தவர் தாராள மனசுக்காரர்.

“சார், இதுல இன்னும் துணி இருக்கு. பிரிச்சுத் தச்சா பட்டன் மூடும். ஆனா ஒண்ணு. வெளித்துணி தேய்ச்சுத் தேய்ச்சு வெளுத்திருக்கு, உள்ள இருந்தது சாயம் போகாம அப்படியே இருக்கு. முதுகுல மேலருந்து கீழ வரைக்கும் கருப்பா ஒரு பட்டை தெரியும்.”

எஸ்தர் அம்மா பயந்துவிட்டார். சம்பந்தி வீட்டு ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றார். சார் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“போர்டுல எழுதினவன்பா நான். பசங்க வருஷக்கணக்கா பாத்தது என் முதுகத்தான். எடுத்துட்டுப் போய்த் தை.”

4. டைனிங் ரூம் வாசல்

கீழே ஓடினேன். அந்தக் கப்பல் லாண்ட்ரி மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்து, டெய்லர் பிஸி என்று எல்லாருக்கும் சொல்ல ஆரம்பித்தார். பழைய தையலைப் பிரித்து, ஊசித் துளைகளை ஆவியில் காட்டிப் பிரஷ் போட்டு அடைத்து, இன்லே முழுவதையும் வெளியே இழுத்துத் தைத்தேன். லைனிங்கில் ஒரு ஒட்டு. தேய்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தால், சுவரிலிருந்து காலண்டரை எடுத்த இடத்தில் பழைய பெயின்ட் பளிச்சென்று தெரியுமே, அப்படி இருந்தது முதுகு. இரண்டு விரல் அகலம். என்ன செய்வது? துணியில் கோடு போடுகிற வெள்ளை சாக்பீஸை எடுத்து அந்தப் பட்டையின் மேல் லேசாகத் தேய்த்துத் துடைத்தேன். கொஞ்சம் மங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தொட்டால் வந்துவிடும்.

கேபினுக்குக் கொண்டுபோய் சாருக்குப் போட்டுவிட்டேன். பட்டன் மூடியது. கண்ணாடியைப் பார்த்தார். யாரும் முதுகில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

ஃபார்மல் நைட் அன்று டைனிங் ரூம் வாசலில், மேனேஜர் நிற்கிற மேசைக்குப் பின்னால் ஊசி நூலோடு நான் ஸ்டாண்ட்பை. கடைசி நேரத்தில் பட்டன் அறுந்து வருபவர்களுக்காக. அங்கிருந்து எல்லாம் தெரியும். சம்பந்தி வீட்டார் முன்னாலேயே வந்து நின்றார்கள். ஜோயல் ஒரு பக்கமாக நின்று கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தான்.

கடைசியில் இருவரும் வந்தார்கள். பழைய கோட்டைப் பார்த்ததும் ஜோயலுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. தான் வாங்கித் தந்ததைப் போடவில்லை அல்லவா. ஆசீர் சார் சம்பந்திக்குக் கை கொடுத்தார், மருமகளுக்குத் தலையில் கை வைத்து ஒரு ஆசீர்வாதம், மகனைத் தாண்டி நடந்தார்.

உள்ளே போக ஒரு படி உண்டு. அந்த நேரம் பார்த்துக் கப்பல் லேசாகச் சாய்ந்தது. சார் தடுமாறினார். பின்னால் இருந்த ஜோயல் சட்டென்று முதுகில் கை வைத்துத் தாங்கினான். பிறகு கையை எடுத்தான். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. கையைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். அவன் கை பட்ட இடத்தில் மட்டும் சாக்பீஸ் தூள் போய்ப் பட்டை கருப்பாகத் தெரிந்தது. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு முறை கண்ணை ஓட்டினான். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்த்த கோட்டு, அவனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

கையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். அப்புறம் எடுக்கவில்லை.

மேசைக்குப் போகும்வரை, அந்த இடம் யார் கண்ணிலும் படாதபடி, அப்பாவுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தான். சார் உட்கார்ந்த பிறகுதான் அவனும், கையை எடுக்காமலே, பக்கத்தில் உட்கார்ந்தான். பயணிகளை வரவேற்க வந்த கேப்டனுக்குக் கை தட்ட எல்லாரும் எழுந்தபோது, அவன் தன் நாற்காலியை விட்டுவிட்டு அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றான். போட்டோக்காரர் அவனை ஓரமாக வரச் சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டான். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து சத்தம் கேட்காது.

மறுநாள் காலையில் கோட்டை வாங்கிவர நானே அந்த கேபினுக்குப் போனேன். ஆசீர் சார் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்று அவசரத்தில் செய்தது, இன்றைக்கு நேரம் இருக்கிறது, பட்டைக்கு மட்டும் சாயத்தை வெளுக்க வைத்து, மற்ற துணியோடு சேருகிற மாதிரி செய்து தருகிறேன், யாருக்கும் தெரியாது என்று ஒரு மூச்சில் சொன்னேன்.

சார் காபியைக் கீழே வைத்தார்.

“திரும்பவும் ஒரு ஃபார்மல் நைட் இருக்காமே?”

“ஆமா சார். இறங்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு.”

“அப்போ அதுல கை வைக்காதப்பா. நேத்து சாயங்காலம் முழுக்க என் முதுகுல ஒரு கை இருந்துச்சு. நான் திரும்பியே பாக்கல. பாத்தா எடுத்துடுவானோன்னு.”

கோட்டை மடித்து அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது சேலையூர் பக்கம் கேம்ப் ரோட்டில் எனக்குச் சொந்தக் கடை. மேடவாக்கத்திலிருந்தும் நாவலூரிலிருந்தும் கப்பலுக்குப் போகிறவர்கள் போனில் அந்த உடை விதியைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். பொத்தேரியில் ஹோட்டல் படிப்பு படித்துவிட்டுக் கப்பல் வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகளும் வருகிறார்கள். ஜிப் மாற்றுவதும் கால் மடிப்பதும் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டது ஒரு கேள்வி. எந்தத் துணி கைக்கு வந்தாலும், கத்தரியை எடுப்பதற்கு முன்னால், உடுத்தப்போகிறவரைக் கேட்டுவிடுகிறேன்: இந்த இடம் மறையணுமா, தெரியணுமா?