எடித் சொல்லாமல் விட்டது

சிலி நாட்டின் தெற்கே, கெல்யோன் துறைமுகத்துச் சால்மன் மீன் ஆலையில் எடித் பர்ரியாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. பெல்ட்டில் வரும் துண்டங்களை விரலால் தடவி, முள் தட்டுப்பட்டால், முள் எடுக்கும் வரிசையில் அதை விட்டவளிடமே திருப்பி அனுப்ப வேண்டும். வயது நாற்பத்தெட்டு. தனியாள். புதனும் ஞாயிறும் மேட்டுத் தெருப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போவாள்.

ஒரு காலத்தில் ஆலை முழுக்க அவள் வாய்க்குப் பயப்பட்டது. அவள் கேலி பேச ஆரம்பித்தால் வரிசையே குலுங்கிச் சிரிக்கும். அப்படி ஒருநாள், ரொசால்பா என்ற தோழியின் புருஷன் ஓடிப்போன கதையை நாலு பேர் முன்னால் இழுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து ரொசால்பா வேலைக்கு வரவில்லை. தெற்கே புந்தா அரேனாசுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சிரித்தவர்கள் மறந்துபோனார்கள், எடித்தால் முடியவில்லை. அந்த வருஷம்தான் சபையில் சேர்ந்தாள். யார் மனமும் நோகும்படி இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முழங்காலிட்டுக் கர்த்தரிடம் சொன்னாள்.

சொன்னபடியே இருந்தாள். ஆனால் வசவோடு சிரிப்பும் போய்விட்டது. மாட்டே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறும் வட்டத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நாளில், ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, மழையைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு ரொட்டியைத் தின்னப் பழகிக்கொண்டாள். முள் எடுக்கும் வரிசையில் நிற்கும் யாஸ்னாவுக்கு இருபத்தாறு வயது. "சகோதரி வர்றாங்க, வாயைக் கழுவுங்கடி" என்பாள். எடித் தினமும் முதலில் ஆசீர்வாதம் சொல்வதும் அவளுக்குத்தான்.

சில மாதங்களாக யாஸ்னாவின் துண்டங்களில் முள் தங்கியது. திருப்பி அனுப்பினால் அவள் முகம் வாடும். ஏதாவது பேச நேரும். அதனால் எடித் இடுக்கியை எடுத்துத் தானே பிடுங்கிவிடுவாள். அதைப் பொறுமை என்று நினைத்திருந்தாள்.

வேலை நெருக்கிய ஒரு வாரம், பிடுங்கி மாளவில்லை; சிலதை முள்ளோடே விட்டாள். சரக்கு வாங்கியவர்கள் ஒரு லோடையே திருப்பிவிட்டார்கள். பெட்டிகளில் இருந்தது முள் எடுத்த யாஸ்னாவின் வேலை எண். மேற்பார்வையாளர் டான் ஒஸ்வால்டோ அவளை உறைபனி அறைக்கு மாற்றினார்.

உடை மாற்றும் அறையில் யாஸ்னா எதிரே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"முள்ளு இருக்கிறதை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்மா."

"எத்தனை நாளா?"

"மார்ச்சிலேர்ந்து."

"தினமும் காலையில எனக்கு ஆசீர்வாதம் சொல்றே. இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? திட்டியாவது சொல்லியிருக்கலாம்ல. என் விரல் மரத்துப்போனது எனக்கே இப்பத்தான் தெரியுது."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எடித்துக்கு ஜெபம் வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் காப்பாற்றி வந்தது அடுத்தவர் மனசை இல்லை, தன்னைத்தான் என்று பட்டது.

மறுநாள் டான் ஒஸ்வால்டோவிடம் போனாள். தெரிந்தேதான் அனுப்பினேன், தப்பு என்னுடையதும்தான், மரத்த விரலோடு அந்தப் பெண்ணைப் பனிக்குள் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள் என்று சொன்னாள். அவர் வேலைப் பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார்.

"நீ நல்லவதான் எடித். ஆனா தரம் பார்க்கிற இடத்துல உன்னை இனிமே வைக்க முடியாது."

எடித் முள் எடுக்கும் வரிசைக்கு இறங்கினாள். யாஸ்னா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, எதிர் மேசையில் லேபிள் ஒட்டும் வேலைக்கு மாறினாள். மூன்று வாரம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. எடித்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை எடித் தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி இல்லாமல் சொன்னாள்: "யாஸ்னா, அந்தப் பெட்டியில தேதி தப்பா இருக்கு."

யாஸ்னா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். லேபிளை உரித்தாள்.

"ஆமா. இன்னும் ஏதாவது தெரிஞ்சா அதையும் சொல்லு."

மத்தியான மணி அடித்தது. பெண்கள் மாட்டேயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எடித்தை யாரும் கூப்பிடவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் போய் ரொட்டியைப் பிரித்தாள்.