மட்டாஞ்சேரியில் பன்னிரண்டு கட்டு ஹெம்ப்

பிப்ரவரி 18, புதன்கிழமை, காலை 9.10. பன்னிரண்டு கட்டு.

மட்டாஞ்சேரி லாரி ஆபீசில் என் பெயருக்கு வந்து கிடந்தவை. ஹெம்ப் தண்டு. கஞ்சா இனம்தான், ஆனால் போதை ஏறாத நார்ப்பயிர். அந்த நாரில் ஈரம் தாங்கும் சுவர்ப்பலகை செய்வது களமசேரி காலேஜில் என் ஆய்வு. கேரளத்தில் பயிரிட வழியில்லை. உத்தராகண்டில் உரிமம் வைத்திருக்கும் விவசாயியிடம் வாங்கினேன். கடிதம் மேல் கடிதம் போட்டு, வந்து சேர ஏழு மாதம்.

வழி கேட்பவர்களுக்கு: களமசேரியில் 7.35 மெட்ரோ, எம்.ஜி. ரோடில் இறங்கி இருபது நிமிட நடை, ஹைகோர்ட் துறையில் 8.30 படகு. எனக்கு ஆனது 80 ரூபாய். பஸ் வேண்டாம், பாதி நாள் போய்விடும்.

அந்த லாரி ஆபீஸ் கோடவுனுக்குப் பொறுப்பு செல்வம் அண்ணன். தேனிக்காரர், பள்ளுருத்தியில் குடியிருக்கிறார். மிளகோ சுக்கோ, குத்தூசியை உள்ளே குத்தி, அதில் வருவதை மோந்து பார்க்காமல் எந்தக் கட்டையும் வெளியே விடமாட்டார். மசாலா மண்டிகள் நிறைந்த இந்தத் தெருவின் வழக்கம். எனக்கு எரிச்சல்.

"அண்ணே, வெறும் குச்சி. சீக்கிரம் கையெழுத்து வாங்குங்க."

"பறக்காதீங்க தம்பி. சாயா குடிங்க."

ஏழாவது கட்டில் குத்தூசியோடு பிசுபிசுப்பாக ஒரு பூங்கொத்து வந்தது. மோந்தார்.

"தம்பி, குச்சி பூக்குமா?"

தண்டு மட்டும் என்றால் பிரச்சினையில்லை. பூவோடு இருந்தால் சட்டத்தில் அது கஞ்சா. "ஒரு கட்டு மட்டும் நுனி வெட்டாமல், முழு நீளத்தில்" என்று விவசாயிக்கு மெயில் எழுதியவன் நான்தான். நீளம் அளக்கும் அவசரத்தில், நுனியில்தான் பூ இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"காயல்ல தள்ளிடலாமா அண்ணே?" ஆம், பின்னாலிருந்த உப்பங்கழியைக் காட்டிக் கேட்டேன்.

"தள்ளலாம். ரிஜிஸ்டர்ல பன்னெண்டுன்னு என் கையெழுத்து இருக்கு. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா யாரு உள்ள போவா, உங்க காலேஜா?"

கஞ்சா வழக்குகளைப் பார்க்கும் எக்சைஸுக்கு நானே போன் செய்தேன். 11.20க்கு வந்த அதிகாரியிடம் விவசாயியின் உரிமம், போதை இல்லை என்ற பரிசோதனைச் சான்று, எல்லாவற்றையும் நீட்டினேன்.

"அது அவிடத்தெ லைசன்ஸ். இது கேரளம்."

பன்னிரண்டுக்கும் சீல். அண்ணனை விட்டுவிட்டார்கள். என்னை நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கேஸா இல்லையா என்பது ஆய்வக முடிவு வந்த பிறகுதானாம். மூன்று வருட வேலை ஒரு விரல் நீளப் பூவில் நிற்கிறது. இன்னும் நம்ப முடியவில்லை. சட்டம் மடத்தனம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதைப் படிக்காமல் மெயில் எழுதியது சட்டம் இல்லையே.

இனி:

1. நாளை காலை 10 மணிக்கு, என் பேராசிரியரோடு எக்சைஸ் ஆபீஸ்.
2. இனிமேல் உரித்த நார் மட்டும். பூ, இலை, விதை கூடாது என்று எழுத்தில். நீங்கள் வாங்கினாலும் அப்படியே.
3. முடிவு வரும்வரை அதே சோதனை தேங்காய் நாரில்.
4. முடிவு எதுவானாலும் முதல் போன் செல்வம் அண்ணனுக்கு. எக்சைஸை நானே கூப்பிட்டுச் சொன்னேன் என்பதற்கு, அவர்கள் தாளில் சாட்சிக் கையெழுத்து போட்டவர் அவர்தான்.