நடக்கிறவளுக்கு முதுகு உடையாதாம்

கடந்த கிழமை என் தங்கை பவானியோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஆசிரியர்களின் இடமாற்றத்தைத் தீர்மானிக்கிற ஓர் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவானி நெடுந்தீவில் கணிதம் படிப்பித்தவள். வீடு கரம்பொனில். விடியற்காலையில் எழும்பி, பஸ் பிடித்து, குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து படகு. கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம் போய்விடும். பின்னேரம் அதே கடல், அதே பஸ். அவள் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. நான்தான் அவளுக்காகவும் சேர்த்து அலுத்துக்கொள்வேன்.

இப்போது அவளால் அந்தப் படகில் ஏற முடியாது. முள்ளந்தண்டு உடைந்து, பல மாதம் படுக்கையில் இருந்து எழும்பியவள். ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் தாருங்கள் என்று கேட்கத்தான் போனோம்.

அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்று கதிரை காட்டினார். தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். ஆனால் பவானி கதவடியிலிருந்து மேசைவரை நடந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டார் அல்லவா? இடது காலை அவள் சற்று இழுத்துத்தான் வைப்பாள். சேலை அதை மறைத்துவிட்டது.

"நீங்கள் நல்லாத்தானே நடக்கிறீங்கள், டீச்சர்," என்றார். "முள்ளந்தண்டு உடைஞ்ச ஆள் எண்டவுடன நான் சக்கர நாற்காலியில வருவீங்கள் எண்டெல்லோ நினைச்சனான்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. பவானி என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். சரி... அங்கே திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அவளுக்கு முதுகு உடைந்தது, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று பலமாக வீசிய காலத்தில். வழமையான பெரிய படகு திருத்த வேலைக்குப் போயிருந்தது. சின்ன ஃபைபர் படகு ஒன்றில் பள்ளிக்கூடத்து ஆட்களை ஏற்றினார்கள். பின்பக்கம் எல்லாம் மூட்டைகளும் முந்தி ஏறிய ஆண்களும். பவானிக்குக் கிடைத்தது முன்பக்கம், கடற்றொழிலாளர்கள் அணியம் என்று சொல்லும் பகுதி. வெறும் பலகை. குந்தியிருந்தாள். உயிர்காப்பு அங்கி கொடுத்திருந்தார்கள். ஆள் கடலில் விழுந்தால் காப்பாற்றும். கடல் ஆளைப் பலகையில் அறைந்தால் அது என்ன செய்யும்?

நடுக்கடலில் ஒரு அலை படகின் மூக்கைத் தூக்கியது. தூக்கியதைக் கீழே போட்டது. பவானி பலகையைவிட்டு மேலே எழும்பி, இருந்த வாக்கிலேயே திரும்பப் பலகையில் வந்து விழுந்தாள். அவ்வளவுதான். இரத்தம் இல்லை, காயம் இல்லை. தனக்குள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னாள். வெளியே ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

அவள் அப்படியே சரிந்து கிடந்தாள். இடுப்புக்கு மேலே உயிர் போகிற நோவு. ஆனால் கால் இரண்டும் அசைந்தன. இதை மறக்காதீர்கள். இரண்டு கால்களின் விரல்களையும் ஆட்டிப் பார்த்தாள். ஆடின.

அப்போது தொடங்கியது உதவி.

எங்கள் ஆட்கள் நல்லவர்கள். யாராவது விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். இரண்டு பேர் அவளுடைய கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி இருத்தினார்கள். ஒரு அம்மா தைலம் எடுத்து முதுகில் சூடு பறக்கத் தேய்த்தார். நிமிர்ந்து இருந்தால் பிடிப்பு விட்டுவிடும் என்றார் ஒருவர். குறிகட்டுவான் துறையில் இறக்கும்போது தோளை ஒருவர் பிடிக்க, காலை ஒருவர் பிடிக்க, நடுவில் முதுகு தொட்டில் சீலை மாதிரித் தொங்கியது. பிறகு ஓட்டோ. அம்புலன்சுக்குக் காத்திருந்து ஏன் மினக்கெடுவான் என்று, ஓட்டோவின் பின்சீற்றில் மடக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். ரோட்டுப் பள்ளம், கிடங்கு ஒவ்வொன்றிலும் அது விழுந்து எழும்பியது.

வழியில் அவள் தன் பக்கத்தில் இருந்த ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். "என்ர இடக்காலைக் காணேல்லை."

கால் அங்கேதான் இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு விளங்கப்படுத்தியவர் ஒரு இளம் பெண் டொக்டர். முள்ளந்தண்டு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்றார். உள்ளே ஓடுகிற நரம்புக் கயிறு எந்த மட்டத்தில் நசுங்குகிறதோ, அதற்குக் கீழே இருப்பதற்குத்தான் கேடு. கழுத்தில் என்றால் கையும் காலும் சேர்ந்து போகும். கழுத்தின் மேல்பகுதி என்றால் மூச்சுக்கே ஆபத்து. நெஞ்சுக்குப் பின்னால் என்றால் கைகள் தப்பும், கால்கள் போகலாம். சிலருக்குப் பலமாக இருமக்கூட ஏலாது. நெஞ்சுப் பக்கத்து எலும்புகளை விலா எலும்புகள் கூடு மாதிரிப் பிடித்து வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே இடுப்புப் பக்கம் வளையும், நிமிரும். அசையாத பகுதியும் அசைகிற பகுதியும் சந்திக்கிற அந்த மூட்டில்தான், இருந்த வாக்கில் விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உடைகிறது. பவானிக்கும் அங்கேதான். நரம்புக் கயிறு முடிகிற இடமும் அதற்குக் கிட்டத்தான். அங்கே நசுங்கினால் கால் ஓரளவு திரும்பி வந்தாலும், சலப்பை, அதாவது சிறுநீர்ப்பை, திரும்பி வேலைக்கு வராமல் போகலாம்.

நான் கேட்டேன்: "அலையிலதானே இது நடந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எலும்பு அலையில உடைஞ்சது. நரம்பு எப்ப நசுங்கினது எண்டு என்னால அறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா படகிலை ரெண்டு காலும் அசைஞ்சது எண்டு அவ சொல்லுறா. இஞ்ச வரேக்க அசையேல்லை."

உடைந்த எலும்பு உள்ளே கத்தி மாதிரி நிற்கும்போது, ஆளைத் தூக்கி, இருத்தி, தேய்த்து, தொங்கவிட்டு, மடக்கி... அன்போடுதான் செய்தோம். அன்பு இருந்தால் போதுமா?

சத்திரசிகிச்சை செய்து ஆணி பூட்டினார்கள். பவானியின் பக்கத்துக் கட்டிலில் காரைநகரைச் சேர்ந்த கலைச்செல்வி. கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவர், மாடு குறுக்கிட்டதில் தலைகீழாக விழுந்தவர். கழுத்தில் உடைவு. தோளை உயர்த்துவார், முழங்கையை மடிப்பார். விரல்கள் மூடாது. கால்கள் இல்லை என்றே சொல்லலாம். விழுந்த இடத்தில் அவருடைய தலையை நிமிர்த்திப் பிடித்துச் சோடா பருக்கினார்களாம். அதுவும் அன்புதான்.

இரண்டு பேரும் திரும்பிப் படுக்கக் கூடாது. ஆகவே இருவரும் முகட்டைப் பார்த்துக்கொண்டே கதைப்பார்கள். முகம் பார்க்காமலே சிநேகிதமானார்கள். ஒரு நாள் நான் பக்கத்தில் இருக்கும்போது கலைச்செல்வி சொன்னார்:

"எனக்கு உங்கட கை ரெண்டும் இருந்தாப் போதும் டீச்சர். என்ர பிள்ளைக்குச் சீப்பால தலை இழுத்துவிடுவன்."

பவானி கலைச்செல்வியின் மகளை அங்கே கூட்டிவரச் சொன்னாள். அந்தப் பிள்ளை வந்தது. பவானி படுத்தபடியே இரண்டு கையையும் உயர்த்தி அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டாள். பின்னல் கோணல்தான். கலைச்செல்விக்குத் தெரியட்டும் என்று தாதி ஒருவர் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தார்.

நான் வெளியே போய்விட்டேன்.

கலைச்செல்வி இப்போது வீட்டில். உண்மையாகவே சக்கர நாற்காலியில். அவருக்கும் வேறொரு கொடுமை. வீட்டுக்கு வருகிறவர்கள், "சாப்பிட்டவவோ? நித்திரை கொள்ளுறவவோ?" என்று கணவரிடம் கேட்கிறார்களாம். அவர் முன்னாலேயே. கழுத்து எலும்பு உடைந்தால் காதும் நாக்கும் போய்விடுமா என்ன? போன பிறப்பில் என்ன செய்தாவோ என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. மாட்டை ரோட்டில் அவிழ்த்துவிட்டவர் இந்தப் பிறப்பில்தான் இருக்கிறார். அவரைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

ஆக, நாற்காலியில் இருந்தால் ஆள் இல்லை. நடந்து வந்தால் நோய் இல்லை. எப்படி எங்கள் கணக்கு?

சரி, அலுவலகத்துக்கு வருவோம்.

பதில் ஆள் கிடைக்கும்வரை பவானி நெடுந்தீவிலேயே தொடர்ந்தால் என்ன என்று அதிகாரி கேட்டார். படகில் பின்பக்கம் இடம் ஒதுக்கச் சொல்லலாம் என்றார். மெத்தை போட்டுத் தரச் சொல்லலாம் என்றார். அறையில் இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். ஒரு இளைஞர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வேறு இரண்டு ஆசிரியர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மருத்துவ அறிக்கை அவருடைய மேசையில், அவருடைய கைக்குக் கீழே கிடந்தது. வாசித்திருக்கலாம்.

பவானி கதிரையை விட்டு எழும்பினாள். அதிக நேரம் இருந்தாலும் அவளுக்கு நோகும். வகுப்பில் கதைக்கிற குரலில் கதைத்தாள்.

"சேர், எனக்குச் சலம் வருகுதெண்டு தெரியாது. முட்டினாலும் தெரியாது, தானாப் போகவும் மாட்டுது. நேரம் பாத்து, ரியூப் குழாய் வைச்சு, நானேதான் எடுக்கவேணும். அதுக்குச் சுத்தமான இடம் வேணும், பூட்டக்கூடிய கதவு வேணும். பிந்தினால் கிருமி தொத்தும், சிறுநீரகம் பழுதாகும். நீங்கள் சொல்லுற படகிலை அந்தக் கதவு எங்க இருக்கு?"

தட்டச்சுச் சத்தம் நின்றது.

அதிகாரி மேசையைப் பார்த்தார். காத்திருந்த ஆசிரியர்களில் ஒருவர் எழும்பி வெளியே போனார், அவளுக்கு மரியாதை செய்கிற மாதிரி. பவானி மட்டும் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை.

அதிகாரி, அடுத்த தவணையிலிருந்து வேலணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். மன்னிக்கச் சொல்லியும் கேட்டார். அந்தளவுக்கு அவர் மனிதர்தான்.

எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. வெளியே வந்து அப்படித்தான் சொன்னேன். பவானி மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்தாள்.

"புருசனுக்கே நான் இப்பிடி உடைச்சுச் சொன்னதில்லை, அண்ணை," என்றாள்.

என் வெற்றி அந்த இடத்திலேயே செத்துவிட்டது. ஒரு பெண் தன் உடம்பின் அந்தரங்கத்தை நாலு பேர் நடுவில் விரித்து வைத்தால்தான் எங்கள் கண் திறக்குமா? சக்கரம் பூட்டிய வலி மட்டும்தான் எங்களுக்கு வலியா? எலும்பு தோலுக்குள் இருக்கிறது. நரம்பு எலும்புக்குள் இருக்கிறது. அதைத் தெருவில் தொங்கவிட்டுக் காட்டவா முடியும்?

கோபத்தோடு முடிக்கக் கூடாது என்று பவானி சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் ஊர்த் தச்சரிடம் ஒரு நீளப் பலகை செய்வித்தாள். ஆள் நீளம். ஓரங்களில் கை நுழைத்துப் பிடிக்கத் துளைகள். கட்டுவதற்குப் பட்டிகள். அதை எங்கள் பக்கத்து இறங்குதுறை ஒன்றில் கொண்டுபோய் வைத்து, படகுக்காரரைக் கூப்பிட்டுப் பாடமும் எடுத்தாள். முதுகில் அடிபட்டவரைத் தூக்காதீர்கள். இருத்தாதீர்கள். தலையை ஒருவர் ஆடாமல் பிடிக்கவேண்டும். தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே மரக்குற்றி மாதிரிச் சேர்த்து உருட்டிப் பலகையில் கிடத்தவேண்டும். பட்டியால் கட்டவேண்டும். பிறகு அம்புலன்ஸ், ஓட்டோ அல்ல. ஒரு படகுக்காரர் நோயாளியாகப் படுத்தார். மற்றவர்கள் அவரை உருட்டிப் பழகினார்கள். சிரிப்பும் பகிடியுமாக, ஆனால் சரியாகவே செய்தார்கள்.

முந்தநாள் அந்தப் பக்கம் போனபோது பலகையை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் களவெடுக்கவில்லை. துறையடியில் நல்ல வெயிலில் வைத்திருந்தார்கள். அதன் மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், எல்லாம் நேர்வரிசை. காற்று அள்ளிப் போகாமல் மேலே வலையைப் போட்டு, பட்டிகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

ஆக, முள்ளந்தண்டை அசைக்காமல் கிடத்த எங்களுக்குத் தெரியும்தான் — மீனாக இருந்தால்.