கட்டடத்துக்கு எத்தனை தளம்?

லிப்ட் மெக்கானிக்குக்கு அந்த வாரம் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் ஜன்னல் வரை போய்த் திரும்பினார். முப்பதாவது தளத்தில் நின்றும் கை நடுங்காத மனிதரை ஐந்து வயது மகள் சொன்ன ஒரு பதில் பிடித்து ஆட்டியது.

மகளுக்கு வீட்டில் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அம்மா வைத்தது. மூன்று வயதிலேயே எழுத்துக் கூட்டியவள். "கண்ண மூடிட்டுத்தானே கனவு பாக்கறோம், அப்ப எதால பாக்கறோம்?" என்று கேட்டு வீட்டையே விழிக்க வைத்தவள்.

நகரின் பெரிய பள்ளியில் சேர்க்கைத் தேர்வு. ஒரு கட்டடப் படத்தைக் காட்டி எத்தனை தளம் என்று கேட்டார்கள். மூன்று வரிசை ஜன்னல்கள். துருவி அஞ்சு என்றாள். லிப்ட் பாதையின் அடியில் உள்ள குழியில் தொடங்கி உச்சியில் உள்ள மோட்டார் அறையில் முடிப்பது அப்பாவின் வேலை முறை. விடுமுறைகளில் கூடப் போனவள் அப்படியே எண்ணப் பழகியிருந்தாள். "கீழ குழி, மேல மோட்டார் ரூம். அது இல்லாம லிப்ட் எப்படி ஓடும்?" என்று அவள் கேட்டதை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. 'கவனக் குறைவு' என்று மட்டும் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை மறுதேர்வு, அதிலும் தவறினால் மந்தம் என்று எழுதி இடமில்லை என்பார்கள். பால்பல் விழாத பிள்ளைகளைச் சல்லடையில் போட்டுச் சலிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்களோ!

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி நடைமுறைக்காரி. "என்னங்க, மூணுன்னு சொல்லிக்குடுங்க. உள்ள போயிட்டா அப்புறம் அஞ்சோ அம்பதோ எண்ணிக்கட்டும்."

மெக்கானிக் உட்கார்ந்தார்.

"எத்தனை தளம், துருவி?"

"அஞ்சு."

"மூணு, கண்ணு."

"குழிய மூடிட்டாங்களாப்பா?"

"மூடல."

"அப்ப?"

"அவங்களுக்கு மூணுதான் வேணுமாம்." சொன்ன வாய் அவருக்கே கசந்தது.

வெள்ளிக்கிழமை அதே படம். துருவி படத்தைப் பார்க்கவே இல்லை. ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தனை வேணும், டீச்சர்?"

ஆசிரியை சிரித்துவிட்டார். "மூணு."

"சரி, மூணு."

"பாத்தீங்களா, நாலே நாள்ல எப்படித் தேறிட்டா!" என்று அருகில் நின்ற அப்பாவிடம் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்.

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். தேறவில்லை, பணிந்திருக்கிறாள், பணிய வைத்தது தான்தான். படிவத்தைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"இங்க வேண்டாம்ங்க."

"என்ன விளையாடறீங்களா? இந்த ஒரு இடத்துக்கு நானூறு பேர் நிக்கறாங்க!"

"அவங்கள உள்ள விடுங்க."

தெருவுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன்." நடந்ததைச் சொன்னார்.

அந்தப் பக்கம் கண்ணாடிக் குழாய்களை ஓரமாக வைக்கும் சத்தம். பிறகு, "வீராப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இப்ப புள்ள எங்க படிப்பா?"

"மார்க்கெட் பின்னாடி அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கே."

"ஒரு வகுப்புல அம்பது பேரு. இவ கேக்கறதுக்கு யாரு காது குடுப்பா?"

"தெரியல. போய் வகுப்புல உக்காந்து பாக்கணும். இப்பவே போறேன்."

"நில்லுங்க, நானும் லீவு சொல்லிட்டு வரேன். தனியாப் போனா அங்கயும் வம்பு வளத்துட்டு வருவீங்க."